ஐஸ்கட்டி கேட்ட வழி

சொட்டு சொட்டென்று சத்தம். மீன் வண்டிக்குள் ஐஸ்கட்டி கரைந்துகொண்டிருந்தது.

"செல்போன் அண்ணே, நான் தீர்றதுக்குள்ள சந்தைக்குப் போகணும். இல்லேன்னா நெத்திலி மொத்தமும் நாறிடும்!"

"ஊருக்குள்ள ஒரே நெரிசல். சுத்திப்போற ஏரிக்கரை ரோடுதான் வேகம்" என்றது டிரைவர் முன்னாலிருந்த செல்போன்.

வண்டி ஏரிக்கரைக்குத் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் நின்றேவிட்டது. சுற்றிலும் ஹாரன்கள் அலறின.

"இத்தனை பேரை இங்க வரச்சொன்னது யாருண்ணே?"

"எங்க ஆளுங்கதான். கேக்கறவங்களுக்கு வேகமான வழியைச் சொல்றதுதானே எங்க வேலை? பொறு, இன்னொரு வழி கிடைச்சிருக்கு."

"அதையாவது நமக்கு மட்டும் சொல்லித் தொலைங்க!"

அதற்குள் முன்னும் பின்னும் எல்லா வண்டிகளிலிருந்தும் ஒரே குரல் எழுந்தது: "இடது பக்கம் திரும்பவும்."

ஐஸ்கட்டி மிச்சமிருந்த உடம்பை நெத்திலிகளின் மேல் சரித்துக்கொண்டு, மறுபடி அவற்றைக் குளிரவைக்கத் தொடங்கியது.