சும்மா இருந்த கோர்

கம்ப்யூட்டரின் மூளைக்குள் வேலை செய்யும் கோர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று நெடுநேரம் யோசித்த போட்டோ ஸ்டுடியோக்காரர் அருளப்பன், கடைசியில் இரண்டு கோர் உள்ள ப்ராசஸரையே வாங்கினார். ஆனால் ஆல்பம் போட அவர் ஓட்டியது பழைய மென்பொருள். அதற்கு ஒரு கோரிடம் மட்டுமே வேலை வாங்கத் தெரியும்.

கல்யாண சீசனில் எல்லா வேலையும் தன் தலையில் விழுந்த மூத்த கோர் கொதித்தது.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்," என்றது இளையது.

"எனக்கு வர்றதை உன் பக்கம் தள்ளிவிட எனக்கு அதிகாரம் இல்லடா தம்பி."

ஒரு மத்தியானம் மூத்தது பேச்சை நிறுத்தியது; கம்ப்யூட்டரும் நின்றுபோனது. பழுது பார்க்க வந்த மெக்கானிக் ப்ராசஸரைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ரெண்டு கோர் தாங்கல, நாலு கோரா போட்டுடுங்க," என்றார் அருளப்பன்.

கூடைக்குள் இளையது இன்னும் அண்ணனை எழுப்பிக்கொண்டிருந்தது.