மருந்து ஊற்றிய தட்டு

மகள் இறந்து நாலு மாதம் ஆகியும் அவளுடைய புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஆய்வகத்தில் உயிரோடு இருந்தன. தாய் கெஞ்சிக் கேட்டதால் புதன்கிழமைகளில் அவற்றைப் பார்க்க ஆய்வாளர் அனுமதித்தார். அவள் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா, அம்மா வந்திருக்கேன்டி" என்று கூப்பிடுவாள்.

பெருகு, பரவு என்று செல்களுக்குச் சொல்வது ஒரு புரதம். அந்தப் புரதத்தின் வாயை அடைக்கும் மருந்தை ஆய்வாளர் செல்கள் வளரும் தட்டில் ஊற்றியிருந்தார். வாரத்தின் மற்ற ஆறு நாளும் செல்கள் அசையாமல் கிடந்தன. புதன்கிழமை மாலைக்குள் மட்டும் இரட்டிப்பாகி, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக ஊர்ந்திருந்தன. அடுத்த வாரம் நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டுப் பார்த்தார். செல்களும் அந்தப் பக்கமே போயின.

ஐந்தாவது வாரம் அவளிடம் மறைக்காமல் சொன்னார்.

"நீங்க கூப்பிட்டாதாம்மா இது பரவுது. இனிமே தினமும் வர முடியுமா? எங்களுக்கு உதவியா இருக்கும்."

அவள் நாற்காலியைத் தட்டிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில அவ கண்ணை மூடினாலே எனக்குப் பயம் வந்துரும் சார். ராத்திரி பகல் பாக்காம கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

"எத்தனை மாசம்?" என்று கேட்டபடி ஆய்வாளர் நோட்டைத் திறந்தார்.