திரையோரத்தில் ஒரு கை

எங்கள் தீவில், குட்லண்ட்ஸ் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரும்புக்காட்டு வெயில் டிவி கண்ணாடியில் விழாமலிருக்க என் கணவர் விநாயகம் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறார். லண்டன் சிநேகிதி அனுப்பிய வீடியோ கேசட் கரகரவென்று சுற்றுகிறது. எழுபத்து மூன்றாம் வருஷம் அங்கே நர்ஸ் படிப்புக்குப் போனபோது, கூட்டத்தோடு ஆட நான் போன அதே டிவி பாட்டு நிகழ்ச்சி. "என் பெண்டாட்டி பிரிட்டிஷ் டிவியில் வந்தவள்" என்று பதினாறு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் இவர். மினுமினுக்கிற சட்டைக்காரன் பாடுகிறான். வெள்ளைக்காரிகளின் முகங்களை ஆற அமரத் தடவிக்கொண்டு வருகிற கேமரா, என்னிடம் வருவதற்குள் சட்டென்று கூரை விளக்குக்குத் தாவுகிறது. நானே ராத்திரியெல்லாம் தைத்த மஞ்சள் கவுன் எங்கேயுமே இல்லை. மூன்றாவது தடவையாக ரீவைண்ட் செய்கிறேன். "பாரு தெய்வானை, அந்த ஓரத்துல உன் கண்ணாடி வளையல்! எவ்வளவு சந்தோஷமா ஆடுறே!" என்று அவர் கைதட்டுகிறார். படத்தை நிறுத்துகிறேன். கோடு கோடாக நடுங்கும் அந்தக் கையின் மேல் விரலை வைக்கிறேன். "ஆட்டமா? நல்லாப் பாருங்க. கேமரா வருது, தூணுக்குப் பின்னாடி போன்னு நிகழ்ச்சிக்காரன் ஒருத்தன் என்னைத் தள்ளினான். அவன் கையைத்தான் தட்டிவிடுறேன்."