ஒருவரும் தொடாத கட்டடம்

பழைய நீதிமன்றக் கட்டடத்தின் கூரையை நூற்றைம்பது வருடமாகத் தாங்கிய பர்மா தேக்கு உத்திரத்தைக் கரையான் அரிக்கத் தொடங்கியது. வாசலில் நின்ற இரும்புப் பலகையிடம் உத்திரம் கெஞ்சியது.

"பலகை சார், 'பாதுகாக்கப்பட்ட சின்னம், தொட்டால் தண்டனை'ன்னு எழுதிக்கிட்டு நிக்கிறீங்களே, இதுகளை விரட்டக் கூடாதா?"

"அதுகளுக்குப் படிக்கத் தெரியாதே பெரியவரே! படிச்சவனைத்தான் என்னால தடுக்க முடியும்."

மறுவாரம் ஒரு தச்சர் கரையான் மருந்தோடு வந்தார். உத்திரத்துக்கு உயிர் திரும்பியது. அவரோ பலகையைப் படித்துவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்று திரும்பிப் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் உத்திரம் முறிந்து, கூரையோடு தரைக்கு வந்தது. பார்வையிட வந்த அதிகாரியிடம் பலகை பெருமையாகச் சொன்னது இடிபாட்டுக்குள் கிடந்த உத்திரத்தின் காதிலும் விழுந்தது.

"கடைசிவரைக்கும் ஒருத்தர் கை பட விடலை, சார்."