பச்சைக் கதவு

"பெட்டிப் படத்துல கதவு சாத்தித்தானே இருக்கு, அண்ணாச்சி? நீங்க என்ன திறந்து வச்சு ஒட்டுறீக?"

தம்பி தனுஷ்கோடி கேட்டதற்கு ரத்தினசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுக்கியின் நுனியில் பிடித்திருந்த கதவு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. அதன் விளிம்பில் பசையைத் தொட்டு, பாதி திறந்த வாக்கில் நிலையில் ஒட்டினார்.

"வர்றவுக வெளிய நின்னு தட்டிக்கிட்டே இருக்கணுமாக்கும்?" என்றார்.

சிவகாசியில் அவர்களுடைய அச்சாபீசுக்குப் புது மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர், ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. உள்ளே எண் போட்ட சின்னச் சின்னத் துண்டுகள். சுவர், சன்னல், ஓடு என்று எல்லாவற்றையும் ஒட்டி வர்ணம் பூசினால், உள்ளங்கையில் வைக்கிற மாதிரி ஒரு வீடு. இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்ததைப் போன வாரந்தான் ரத்தினசாமி கீழே இறக்கினார்.

யாருக்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஏழாயிரம்பண்ணையில் மகள் பொன்னுத்தங்கம் புது வீடு கட்டி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஏழு வருடத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனி போர்மேன் சின்னச்சாமியோடு தன் இஷ்டத்துக்கு மாலை மாற்றிக்கொண்டு போனவள் அவள். இனி இந்த வாசல் அவளுக்கு இல்லை என்று அன்றைக்குச் சொன்னவர்தான் ரத்தினசாமி. இப்போது ஒரு படி இறங்கி வந்திருந்தார். ஒரு படி மட்டும். மருமகன் வீட்டிலிருந்து முறையாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் போவார். இல்லையென்றால் இல்லை.

அந்த அழைப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள, அவர் மனைவி ஆவுடைத்தாய் விடியற்காலையிலேயே இருக்கன்குடி மாரியம்மனிடம் போயிருந்தாள்.

"புகைபோக்கியக் காணமே, அண்ணாச்சி?"

"நம்ம ஊர்ல எவன் வீட்டுல அது இருக்கு? தூக்கிப் போட்டுட்டேன்."

"ஜெர்மன்காரன் பார்த்தா அழுதிருவான்." தனுஷ்கோடி சிரித்தார். "ஆமா, கதவுக்கு ஏன் பச்சை?"

"அங்கன பச்சைதான்."

"நீங்க எப்பப் பார்த்தீக?"

"லாரி டிரைவர் சொன்னான்லே. பெருசா விசாரிக்க வந்துட்டான்."

சாத்தூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மூன்று தடவை பிளஷர் காரை அந்தத் தெரு வழியாக விடச் சொல்லி, நிறுத்தாமல் தாண்டி வந்தவர் அவர். மூன்றாம் தடவை பொன்னுத்தங்கம் வெளியே நின்று புதுச்சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நன்றாக இளைத்திருந்தாள்.

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த தனுஷ்கோடி பரபரப்பாகத் திரும்பினார்.

"அண்ணாச்சி! மாப்பிள்ளை வீட்டு ஆளு, சுடலை! ஏழாயிரம்பண்ணையில இருந்து வந்திருக்கான்!"

தூரிகை நின்றது. ரத்தினசாமி குரலில் ஆவலைக் காட்டவில்லை.

"வெத்தலை பாக்குத் தட்டு இருக்கா?"

"காணோமே. வெறுங்கையாத்தான் நிக்கான்."

"சரி. உக்காரச் சொல்லி மோர் குடு. அவுகளுக்கு மரியாதை தெரியலைன்னாலும் நமக்குத் தெரியணும்லா."

போன வேகத்தில் தனுஷ்கோடி செம்போடு திரும்பி வந்தார். "படியேற மாட்டேங்கான். மோரும் வேண்டாங்கான். உங்ககிட்டதான் சொல்லணுமாம்."

ரத்தினசாமியின் முகம் கறுத்தது. "ஏழு வருசம் கழிச்சு ஆள் விடுறான் போர்மேன். தட்டு இல்ல, தாம்பாளம் இல்ல. நம்ம வீட்டு மோரும் கசக்குதாக்கும்! நிக்கட்டும். ஓட்டுக்கு வர்ணம் அடிச்சு முடிச்சிட்டு வாரேன்னு சொல்லு."

"அண்ணாச்சி, அவன் மூஞ்சியே சரியில்ல. ஒரு எட்டு வந்து…"

"சொன்னதைச் செய்லே."

தனுஷ்கோடி போனார். திரும்பி வரவில்லை. 'இவனும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டான்' என்று நினைத்துக்கொண்டு ரத்தினசாமி கூரையைப் பொருத்தினார். ஓட்டுக்குச் சிவப்புப் பூசினார். ஒரு வரிசை, இன்னொரு வரிசை. கை ஓட ஓடக் கோபம் தணிந்துகொண்டே வந்தது. புதுச்சுவர் ஓரமாக நின்ற அந்த இளைத்த உருவம் கண்ணுக்குள் வந்தது.

பெற்ற பிள்ளையிடம் போய் வெற்றிலை என்ன, பாக்கு என்ன?

வீட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எழுந்தார். வர்ணம் காயாத கதவில் விரல் பட்டுப் பச்சை ஒட்டியது. துடைக்கவில்லை. வாசலுக்கு வந்து, நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னார்:

"சுடலை, அழைக்க வந்த முறை சரியில்ல. இருந்தாலும் வெள்ளிக்கிழமை நான் வாரேன்னு என் மககிட்டச் சொல்லு."

சுடலை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தான். படியில் உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, துட்டி சொல்ல வந்தவன் வெத்தலை கொண்டு வரலாமா? இழவு சொல்லாம உங்க வீட்டு மோரைக் குடிக்கலாமா?" என்றான் சுடலை. "நேத்து அந்தியில, பால் காய்ச்சுக்கு வாசலை ஒதுங்க வைக்கணும்னு, கட்டி மிஞ்சின செங்கலை எடுத்து அடுக்குனாக நம்ம பொன்னுத்தங்கம் தாயி. உள்ள பாம்பு கிடந்திருக்கு… பொறந்த வீட்டுக் கோடித்துணி போத்தாம அவுகளைத் தூக்கக்கூடாதுன்னு, அந்தப் பச்சைக் கதவைத் திறந்தே போட்டு, உங்களுக்காகத்தான் காத்துக் கிடக்காக."