மாப்பிள்ளையின் குறை

“மாப்பிள்ளையைப் பற்றி நல்லதெல்லாம் கேட்டாச்சு ராத்தா. இனிக் குறையைச் சொல்லுங்க” என்றார் றம்ஸியா, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி.

கதிரையில் சாய்ந்திருந்த பஸ்மியா சிரித்தார். கிண்ணியாவிலிருந்து ஓட்டோவில் பாலம் கடந்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த இந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை றிப்தி, துறைமுகத்தில் மின் பொறியியலாளர். மனைவியை இழந்தவன். நஸ்ரின் என்று ஒரு சின்ன மகள். றம்ஸியாவின் ஒரே மகள் ரிஸ்னாவும் முதல் கலியாணம் முறிந்து தாயோடு இருப்பவள்.

“குறையா? நிறைய இருக்கு தங்கச்சி. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆக்களைப் பார்க்கமாட்டான், சுவிட்சைத்தான் பார்ப்பான். ஒரு கலியாண வீட்டில மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்ல முந்தி ஜெனரேட்டருக்குப் பக்கத்தில போய்க் குந்திட்டான். புதுச் சட்டையெல்லாம் ஒயில்.”

குசினிக்குள்ளிருந்து ரிஸ்னாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“தொழுகையெல்லாம் எப்படி?”

“அது தவறாது. ஜும்ஆவில மைக் கரகரத்தா முழுப் பள்ளியும் திரும்பி இவனைத்தான் பார்க்கும். ஒருக்கா ஸ்பீக்கர் பூட்ட மினாராவில ஏறினான். கீழ ஆரோ ஏணியை எடுத்திட்டுப் போயிட்டாங்க. கத்திப் பார்த்திட்டு, மேலேயே நிண்டு அஸர் தொழுதிட்டான்.”

“வெளிநாடு போற எண்ணம் இருக்கோ?”

“கட்டாருக்குக் கூப்பிட்டாங்க. ‘மகளுக்கு ஆர் தலை பின்னிவிடுற?’ எண்டு கேட்டு, போகாம இருந்திட்டான். அந்தப் பின்னலை நீங்க பார்க்கவேணும். வயர் முறுக்கின மாதிரி இருக்கும்.”

இந்தமுறை சிரிப்பு கதவடி வரைக்கும் வந்துவிட்டது. றம்ஸியாவும் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “முதல் பொஞ்சாதியோட எப்படி இருந்தவர்?” என்று கேட்டார்.

“அவளை ஆசுபத்திரியில வெச்சிருந்த நேரம் விடியவே போவான். ஊட்டிவிடுவான். பக்கத்துக் கட்டில்காரருக்குக் குர்ஆன் ஓதிக் காட்டுவான். பிறகுதான் வேலைக்கு. ஒருநாள்கூட முகம் சுழிச்சதில்ல.” பஸ்மியா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். “சீனி அளவாப் போட்டிருக்கீங்க தங்கச்சி.”

வட்டிலப்பத் தட்டோடு வந்த ரிஸ்னா, அதை வைத்துவிட்டுப் போகவில்லை.

“அவர் விரும்பித்தான் உங்களை அனுப்பினவரா?”

அந்தக் கேள்வி பஸ்மியாவுக்குப் பிடித்திருந்தது. “உண்மையைச் சொல்றன் மகள். முதல்ல ஏலாது எண்டுட்டான். ‘நான் போனா உங்களை ஆர் பார்க்கிற?’ எண்டான். அப்ப உன்ட கஞ்சியும் வேணாம், கதையும் வேணாம் எண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டன். ரெண்டு நாள் தாங்கினான். கடைசியில, ‘நஸ்ரினோட பாசமா இருப்பாவெண்டாச் சரி’ எண்டான்.”

றம்ஸியா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கட வழக்கம் தெரியும்தானே ராத்தா. மாப்பிள்ளை பொண் வீட்டுக்குத்தான் வரவேணும்.”

“அதுதான் என்ட ஆசையும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்து இருக்கட்டும்.”

“அப்ப நீங்க?”

“எனக்கென்ன? கோழி இருக்கு, பக்கத்து வீட்டுச் சனம் இருக்கு.”

“வேற மக்கள்?”

“இல்ல.”

றம்ஸியாவின் முகம் மாறியது. தன் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

“போனமுறையும் ஒரு உம்மா வந்து இப்படித்தான் சிரிக்கச் சிரிக்கக் கதைச்சா. மகன்ட குடியை மறைச்சுப்போட்டா. என்ட பிள்ளை பட்டது போதும். இவ்வளவு நல்ல மகனைப் பேத்தியோட சேர்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்பிட்டு, தனிய இருக்க எந்த உம்மா அவசரப்படுவா? சொல்லுங்க ராத்தா, என்ன மறைக்கிறீங்க?”

ரிஸ்னாவின் முகத்திலும் சிரிப்பு இல்லை. வெளியே துறைமுகத்தில் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது.

பஸ்மியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இவ்வளவு நேரமும் துள்ளிக்கொண்டிருந்த குரல் முதன்முறையாக இடறியது.

“ஓம், மறைச்சனான்தான். சொன்னா, பழைய வீட்டை விட்டு வராத மனிசன் எண்டு நினைப்பீங்களெண்டு பயம். ஆனா அவன் அழுதது போதும் தங்கச்சி. இனியாவது வாழவேணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவனைப் பெத்த உம்மா தோப்பூரில மற்ற மக்களோட சுகமா இருக்கிறா. நான் அவன்ட மாமி. மௌத்தாப் போன அவன்ட பொஞ்சாதி, என்ட மகள்.”

றம்ஸியா பஸ்மியாவின் கையைப் பற்றிக்கொண்டார். ரிஸ்னாதான் கேட்டாள்: “அப்ப, மூண்டு பேரும் எப்ப வாறீங்க?”