ஞாபகம் வந்த பாஸ்வேர்ட்

"சல்லி போட்டு வெச்ச கிரிப்டோ வாலட் தெறந்துட்டுது ஸஹ்ரா. பாஸ்வேர்ட் ஞாபகம் வந்துட்டு. யட்டவத்தக் காணிய இனி வாங்கலாம்." நளீம் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு நோன்புக்கும், 'பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, அதுல உள்ள சல்லிக்குக் கடமையான ஸகாத்த எப்படிக் குடுக்கிற'ன்னு தவிச்சீங்களே. எனக்கு மனசு கேக்கல்ல. ஒங்கட பேர்ல நானே ஏழைகளுக்குக் குடுத்துட்டு வந்தேன்."

"ஒனக்கு ஏது சல்லி?"

அவள் கையிலிருந்த காப்புகளைத் தடவினாள். "இதெல்லாம் இப்ப கவரிங்தான். பரவாயில்ல, அந்த பரக்கத்துலதானே ஒங்களுக்கு ஞாபகம் வந்திருக்கு."

நளீமுக்குத் தலை நிமிரவில்லை. அந்தப் பாஸ்வேர்ட் அவனுக்கு ஒருநாளும் மறந்ததே இல்லை.